முதன்முறை பசுமைச் சான்றுக்குப் போகும் சிறிய பில்டருக்கு: 16 வீட்டு அடுக்ககத்தில் நான் கற்ற வழிமுறை

மேடவாக்கம் பக்கம் நான்கு கிரவுண்ட் மனையில் வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளமும் நான்கு மாடியுமாக 16 வீடுகள் கட்டி முடித்து, சாவி கொடுத்துவிட்டோம். மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும் கட்டடம் என்று சொல்லித்தான் விற்றோம், சான்றும் வாங்கினோம். ஆனால் கட்டடம் முடிந்த பிறகு அந்தச் சான்றுக்காக எட்டு மாதம் அலைந்தேன். யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அதில் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது சிறிய, நடுத்தரப் பில்டர்களுக்கானது. மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியே தனியாக வாங்க வேண்டும். அது வேறு அளவு வேலை, அதை இங்கே தொடவில்லை.

1. பிளான் போடும் முன்பே முடிவெடுங்கள்

பெரும்பாலோர் செய்யும் தவறு, கட்டடம் பூச்சு வேலைக்கு வந்த பிறகு "இதுக்கு ஒரு கிரீன் சர்டிபிகேட் வாங்கலாமா?" என்று கேட்பது. அப்போது மாற்றக்கூடியது பல்பும் குழாயும்தான். ஜன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், சன்ஷேட் எத்தனை அடி, தண்ணீர்த் தொட்டி மாடியில் எந்த மூலை என்பதெல்லாம் அதற்குள் கான்கிரீட்டாகியிருக்கும். காகிதத்தில் ஒரு ஜன்னலை மேற்கிலிருந்து வடக்குக்கு நகர்த்த ஒரு ரூபாய்கூட ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. பிளானிங் பர்மிட் வாங்கியபின் ஜன்னலையும் மாடி அமைப்பையும் மாற்றினால் திருத்திய பிளான் போட வேண்டிவரும். வீடுகளை விற்க ஆரம்பித்துவிட்டால் வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பொதுப் பகுதியிலும் கட்டட அமைப்பிலும் மாற்றம் செய்ய, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேல் மனை, அல்லது எட்டுக்கு மேல் வீடுகள் என்றாலே ரெரா பதிவு கட்டாயம் என்பதால் நம்மில் பலருக்கு இது பொருந்தும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எந்தச் சான்று என்று முடிவு, அடுத்து வெப்பக் கணக்கு, அதற்குப் பிறகு பிளான், பிறகுதான் அனுமதி.

2. எந்தச் சான்று? இதில் ஒரு வாரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்

நம் ஊரில் வீட்டுக் கட்டடங்களுக்கு மூன்று வழிகள் அதிகம் புழங்குகின்றன. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், அதாவது ஐஜிபிசி, தருவது ஒன்று. வீடு வாங்குபவர்களுக்கு இந்தப் பெயர்தான் பரிச்சயம். இரண்டாவது டெரி நிறுவனமும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் உருவாக்கிய கிரிஹா. 2,500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடங்களுக்கு அதில் ஸ்வாகிரிஹா என்று ஒரு சின்ன வடிவம் உண்டு. மூன்றாவது உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சியின் எட்ஜ்.

நாங்கள் எட்ஜ் எடுத்தோம். நாங்கள் போனபோது மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளைத் தயாரிக்கச் செலவான ஆற்றல், இந்த மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிட 20 சதவீதம் மிச்சம் காட்டினால் போதும் என்று இருந்தது. மென்பொருள் இணையத்தில் இலவசம். மனை வாங்கும் முன்பேகூட எண்களைப் போட்டுப் பார்க்கலாம். சுவரை மாற்றினால் எத்தனை சதவீதம், ஜன்னலைக் குறைத்தால் எத்தனை சதவீதம் என்று உடனே காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆர்க்கிடெக்டோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில், எங்கள் கட்டடத்தில் எது வேலை செய்யும், எது வெறும் அலங்காரம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நட்சத்திரக் குறி போட்ட அம்சங்களை வசதிப்படி விட்டுவிட முடியாது. சுவர்ப் பரப்பில் ஜன்னல் எத்தனை பங்கு என்பது அப்படியொன்று. கண்ணாடி அதிகம் வைத்திருந்தால் அதைக் காட்டியே ஆக வேண்டும், மிச்சக் கணக்கு குறையும். இரண்டாவது, "நாங்கள் ஏசி மாட்டித் தரவில்லை, அதனால் எங்கள் கட்டடத்துக்கு மின்செலவே இல்லை" என்று தப்பிக்க முடியாது. ஏசி இல்லாத வீடு வெந்தால், அந்த வேக்காட்டைத் தணிக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுமோ அதையும் மென்பொருள் கணக்கில் சேர்க்கும். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம். ஏசி மாட்டப்போவது வீடு வாங்குபவர், அதற்குக் காரணம் நாம் கட்டிய சுவர்.

உங்கள் வாடிக்கையாளர் ஐஜிபிசி பெயரைக் கேட்டு வருபவர் என்றால் அதற்கே போங்கள். அதில் வடிவமைப்பு நிலையில் முன்சான்று, கட்டி முடித்தபின் இறுதிச் சான்று என்று இரண்டு படிகள். எட்ஜிலும் அதேபோல முதல்நிலைச் சான்று, இறுதிச் சான்று உண்டு. முதல் படியை வாங்கிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் இங்கே பெரிய பொறி. விற்பனைக்கு முன்சான்று போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். அது உண்மையில் கட்டப்பட்ட கட்டடத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

3. வெயில் எங்கிருந்து வருகிறது என்று கணக்கிடுங்கள்

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டும் குடியிருப்புகளுக்கானது. நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்ட். உங்களிடம் அனுமதி அலுவலகம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதிலுள்ள மூன்று எண்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மிகக்கூடாது. மொட்டை மாடியின் யு மதிப்பு, அதாவது கூரை எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்ற எண், 1.2-க்கு மிகக்கூடாது. சென்னை மாதிரியான வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊரில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். மூன்று தடத்தில் ஓடும் தள்ளு ஜன்னலில் திறப்பது ஒரு பகுதிதான், முழு ஜன்னலையும் கணக்கில் காட்டினால் தணிக்கையில் நிற்காது. நாங்கள் படுக்கையறைகளுக்கு வெளியே திறக்கும் கதவு ஜன்னலுக்கு மாறினோம்.

மேற்குச் சுவர்தான் சென்னையில் வில்லன் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே குளியலறை, மாடிப்படி, லிஃப்ட் கிணறு ஆகியவற்றைத் தள்ளுங்கள். வடக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். சரியாக அக்கினி நட்சத்திரக் காலத்தில் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். "வடக்குப் பக்கம்தானே" என்று அங்கே சன்ஷேடை வெட்டாதீர்கள்.

சன்ஷேட் செலவு மிகக் குறைவு. கண்ணாடியை விலையுயர்ந்ததாக மாற்றுவதற்கு முன்னால் இரண்டடி சன்ஷேடை இரண்டரை அடியாக்கிப் பாருங்கள். மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்குள் அது எவ்வளவு நீளலாம் என்று மட்டும் ஆர்க்கிடெக்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சுவர்: ஏஏசி பிளாக், அப்புறம் விரிசல்

சாதாரண செங்கல் சுவரைவிட ஏஏசி பிளாக், அதாவது காற்றுத் துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல், வைத்த சுவர் வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும். எடையும் செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கட்டடத்தின் சுமை குறைந்து, கம்பியிலும் அஸ்திவாரத்திலும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சம் ஸ்டிரக்சுரல் என்ஜினியரிடம் முன்பே சொன்னால்தான் கிடைக்கும். செங்கல் என்று கணக்குப் போட்ட பிறகு பிளாக்குக்கு மாறினால் கம்பி அப்படியேதான் இருக்கும்.

நாங்கள் வெளிச்சுவருக்கு எட்டு அங்குலமும் உட்சுவருக்கு நான்கு அங்குலமும் போட்டோம். செங்கல் கட்டிய கை பிளாக் கட்டும்போதுதான் பிரச்சினை. முதல் நாள் காலை நான் போனபோது, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பிளாக்குகள் மிதந்துகொண்டிருந்தன. மேஸ்திரி முப்பது வருட அனுபவக்காரர். "நனைக்காம எப்படி சார் பிடிக்கும்?" என்றார். செங்கல்லுக்கு அது சரி. பிளாக் தண்ணீரைக் குடித்துவிட்டு, காயும்போது சுருங்கும். சுருங்கும்போது பூச்சையும் இழுத்துக் கிழிக்கும். அன்றைக்கு நனைந்தவற்றை ஓரம் கட்டிவிட்டோம். ஆனால் முதல் மாடியில் ஏற்கெனவே கட்டியிருந்த இரண்டு அறைகளைப் பிரிக்கவில்லை. பிரித்திருக்க வேண்டும்.

சாவி கொடுத்து நான்காம் மாதம் அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டார். படுக்கையறையில், பீமும் சுவரும் சேரும் இடத்தில், கோலப்பொடி இழை மாதிரி ஒரு கோடு சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அவர் சாவி நுனியை அதில் வைத்து இழுத்துக்காட்டினார். சாவி நுனி உள்ளே போனது. ஆபத்தான விரிசல் இல்லை, ஆனால் வீடு வாங்கியவருக்கு அதை எப்படி விளக்குவது? வேலைத்தரக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு நாம்தான் பொறுப்பு என்கிறது ரெரா. இரண்டு அறையையும் உரித்து, வலை வைத்து, மறுபடி பூசிக் கொடுத்தோம்.

உங்கள் மேஸ்திரிக்குச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியவை:

- பிளாக்கை ஊறவைக்கக் கூடாது, மேற்பரப்பில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.
- சிமென்ட் கலவைக்குப் பதில் பிளாக் ஒட்டும் பசைக் கலவை, 3 மில்லிமீட்டர் கனத்தில்.
- சுவரின் உச்சியைப் பீமோடு அன்றே இறுக்கி அடைக்காமல் இடைவெளி விட்டு, சுவர் அமர்ந்தபின் அடைக்க வேண்டும்.
- பிளாக்கும் கான்கிரீட்டும் சேரும் எல்லாக் கோட்டிலும், பூசும் முன், இருபுறமும் பரவும்படி ஃபைபர் வலை.
- வயரிங் பள்ளத்தைச் சுத்தியலும் உளியும் வைத்து உடைக்கக் கூடாது, கட்டிங் மெஷின் மட்டும்.

பிளாக் வாங்கும்போது ஒவ்வொரு லோடுக்கும் டெலிவரி சலானும், ஐஎஸ் 2185 பகுதி 3-இன்படி சோதித்த அறிக்கையும் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் வராது. இது எவ்வளவு முக்கியம் என்று 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

5. மொட்டை மாடி

நான்காம் மாடி வீட்டுக்கு இதுதான் எல்லாம். வெறும் ஆறு அங்குல கான்கிரீட் தளத்தின் யு மதிப்பு மூன்றரைக்கு மேல். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிக்கும் நம் பழைய முறையைத் தனியாகச் செய்தால் 1.2-க்கு இறங்காது. 40 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை, சேர்த்தால் 0.7 பக்கம் வந்துவிடும்.

அடுக்கும் வரிசை: தளம், நீர்த்தடுப்புப் பூச்சு, தண்ணீர் கட்டிச் சோதனை, பலகை, பிரிப்புத் தாள், வலை வைத்த சரிவுக் கான்கிரீட், வெள்ளை ஓடு. தண்ணீர் கட்டும் சோதனையைக் குறைந்தது இரண்டு முழு நாள் செய்யுங்கள், கீழே நான்காம் மாடி சீலிங்கில் ஒவ்வொரு மூலையையும் கையால் தொட்டுப் பாருங்கள். பலகை மூடியபின் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சோலார் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கான கான்கிரீட் பீடங்களைத் தளத்தோடு சேர்த்து இப்போதே போட்டுவிடுங்கள். சோலார் ஆட்கள் வந்து ஓடுகளையும் நீர்த்தடுப்பையும் துளைத்துப் போல்ட் போட்டால், இதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

6. பொது மின்சாரமும் சோலாரும்

வீட்டுக்குள் முதலில் விசிறி. சாதாரண சீலிங் ஃபேன் 70 முதல் 75 வாட், மின்சாரம் குறைவாகத் தின்னும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். ஒரு வீட்டில் மூன்று ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால், 40 வாட் வித்தியாசத்தில் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் மிச்சம். நம் மாநிலத்தில் இருமாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறி, கீழ்ப் படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறுகிறது. 520, 540 என்று வருகிற குடும்பத்துக்கு இந்த 72 யூனிட் எவ்வளவு பெரியது என்று விற்பனைப் பேச்சில் சொல்லலாம், பொய்யே இல்லை. பில்டர் ஃபேன் தருவது வழக்கமில்லைதான். ஆனால் மாட்டாத ஃபேனுக்குச் சான்றில் மதிப்பெண் கிடையாது. 64 ஃபேன் மொத்தமாக வாங்கி மாட்டினோம்.

பொது இணைப்பில் தின்பது மோட்டார், லிஃப்ட், இரவு விளக்கு. படிக்கட்டுக்கும் ஸ்டில்ட்டுக்கும் சென்சார் விளக்கு, லிஃப்டுக்கு மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் விவிவிஎஃப் டிரைவ், மோட்டாருக்குச் சரியான குதிரைத்திறன். "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய மோட்டார் போடாதீர்கள். அவ்வளவுதான், இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

சோலாருக்கு வருவோம். பொது இணைப்புக்கு இப்போது யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். 10 வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களுக்கு 2023இல் 5.50 ஆகக் குறைத்தார்கள். லிஃப்ட் உள்ள நமக்கு அது இல்லை. ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும், நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நாங்கள் வைத்தது 10 கிலோவாட், அதாவது மாதம் சுமார் 1,200 யூனிட்.

மானியம்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்போர் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். தனி வீடுகளுக்குள்ள 30,000, 78,000 என்ற கணக்கைச் சொல்லி யாராவது உங்களிடம் மேற்கோள் கொடுத்தால் ஏமாறாதீர்கள். மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் தயாரான செல்லும் பேனலும்தான் வைக்க வேண்டும். விலை குறைவான வெளிநாட்டுப் பேனலை வைத்துவிட்டு விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள்.

இங்கே நான் மூன்று மாதம் இழந்தேன். மானியம் சங்கத்துக்கு. ஆனால் பொது இணைப்பு என் நிறுவனத்தின் பெயரில் இருந்தது, சங்கம் இன்னும் பதிவாகவே இல்லை. சங்கத்தைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்து, இணைப்பைப் பெயர் மாற்றி, அதற்குப் பிறகுதான் விண்ணப்பம். எங்கள் அளவுக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர இணைப்பே வராது என்பதால் வரிசை இதுதான்: நிறைவுச் சான்று, நிரந்தர இணைப்பு, சங்கப் பதிவு, பெயர் மாற்றம், சோலார் விண்ணப்பம், பேனல் பொருத்துதல், இருவழி மீட்டர். கட்டடம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே சங்கத்துக்கான விதிமுறைகளை எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் பொது இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறது, அதற்கு நெட் மீட்டரிங்கா, நெட் ஃபீட்-இன்னா என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாவதில் அனுப்பிய யூனிட் வாங்கிய யூனிட்டோடு கழியும். இரண்டாவதில் அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. எதுவானாலும் மோட்டாரைப் பகல் பதினோரு மணிக்கு ஓடவிடும்படி டைமர் வையுங்கள். கம்பத்துக்குப் போய்த் திரும்பி வராமல் பேனலிலிருந்து நேராக மோட்டாருக்குப் போகும் யூனிட்டுக்கு இந்த விலை வித்தியாசம் இல்லை.

பேனலில் நிழல் விழாமலிருக்க மேல்நிலைத் தொட்டியையும் லிஃப்ட் அறையையும் மாடியின் வடக்கு ஓரத்தில் வையுங்கள். இதுவும் 1ஆம் படியில், காகிதத்தில் முடிய வேண்டிய வேலை.

7. தண்ணீர்

வீட்டுக்கு நான்கு பேர் என்றால் எங்கள் 16 வீட்டில் 64 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் 8,640 லிட்டர். குழாய் நுனியில் காற்றுக் கலக்கும் வடிகட்டி, குறைந்த ஓட்ட ஷவர், இரட்டைப் பொத்தான் ஃபிளஷ், இந்த மூன்றுமே தண்ணீரில் 20 சதவீதத்தை எளிதாகத் தாண்டிவிடும். கூடுதல் செலவு மிகக் குறைவு. ஒவ்வொரு குழாய்க்கும் ஓட்ட அளவு அச்சிட்ட கேட்லாக் பக்கத்தை வைத்திருங்கள்.

எங்கள் கட்டடத்தில் உண்மையில் தண்ணீரை மிச்சம் பிடித்தது மீட்டர்தான். வீட்டுக்கு ஒரு மீட்டர் வைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு நுழைவுக் குழாய் இருக்க வேண்டும். குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று மாடியிலிருந்து தனித்தனியாக இறங்கும் வழக்கமான பிளம்பிங்கில் ஒரு வீட்டுக்கு நான்கு மீட்டர் தேவைப்படும். பிளம்பர் முதல் குழாய் இறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். மீட்டர் வந்த பிறகு, லாரித் தண்ணீர்க் கணக்கு பற்றிய சண்டை எங்கள் அடுக்ககத்தில் இல்லை.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். செய்கிற வேலைதான், சம்பிரதாயத்துக்கு ஒரு குழி என்று இல்லாமல், மாடித் தண்ணீரை வடிகட்டிச் சம்புக்கும், மிஞ்சியதைக் கிணற்றுக்கும் விடுங்கள்.

8. கோப்பு: சான்று கிடைப்பதும் கிடைக்காததும் இங்கேதான்

தணிக்கையாளர் சுவருக்குள் பார்க்க முடியாது. பூசியபின் உள்ளே இருப்பது பிளாக்கா செங்கல்லா, ஓட்டுக்கு அடியில் பலகை இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவார். நம்பவும் வேண்டும், அதுதான் அவர் வேலை.

எங்கள் எட்டு மாதத்தில் பெரும்பகுதி இங்கே போனது. முதலில் அமர்த்திய ஆலோசகர், "முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் போனை எடுக்கவில்லை. கூரைப் பலகை வைத்த நாளின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் தேதி இல்லை, கனம் தெரியவில்லை. பலகை விற்ற கடை பில்லில் "தெர்மல் ஷீட்" என்று மட்டும் போட்டிருந்தது. கடைசியில் மாடியின் ஒரு மூலையில் பதித்த ஓடுகளைப் பெயர்த்து, அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். நன்றாகப் பதித்த ஓட்டை உடைத்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நீங்கள் முதல் நாளே ஒரு கோப்பு போடுங்கள். சான்றுக்கு நீங்கள் கணக்குக் காட்டிய ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு உறை. ஒவ்வொரு உறையிலும்:

- பொருளின் பெயர், மாதிரி எண், கனம், அளவு எல்லாம் எழுதிய ஜிஎஸ்டி பில்
- உங்கள் சைட் முகவரி போட்ட டெலிவரி சலான்
- தயாரிப்பாளரின் விவரத் தாள் அல்லது சோதனை அறிக்கை
- பொருத்தும்போது எடுத்த தேதியும் இடமும் பதிந்த படங்கள், அதில் ஒன்றாவது அளவுகோலோடு
- கட்டியபடி திருத்திய வரைபடம்

படம் எடுப்பதை சைட் சூப்பர்வைசரின் தினசரி வேலையாக்குங்கள். மாலை ஐந்து மணிக்கு ஐந்து படம், ஒரு வாட்ஸ்அப் குழு. மாதக் கடைசியில் அவற்றைக் கணினியில் இறக்கி உறைவாரியாகப் பிரியுங்கள். வாட்ஸ்அப்பிலேயே விட்டால் போன் மாறும்போது போய்விடும்.

ஆலோசகரோடு ஒப்பந்தம் போடும்போது கட்டணத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை இறுதிச் சான்று வந்த பிறகு என்று எழுதுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

9. விளம்பரத்தில் என்ன எழுதலாம்

சான்று வருவதற்கு முன் "பசுமைச் சான்று பெற்ற கட்டடம்" என்று நோட்டீசில் போடாதீர்கள். விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு ஈடு கொடுக்க வேண்டும், அவர் விலக விரும்பினால் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ரெராவின் 12ஆம் பிரிவு சொல்கிறது. "முதல்நிலைச் சான்று பெற்றது, இறுதிச் சான்றுக்குப் பணி நடக்கிறது" என்று உள்ளதை எழுதலாம். "மின் கட்டணம் பாதியாகும்" என்பதை எந்த நிலையிலும் எழுதாதீர்கள். வீட்டில் எத்தனை ஏசி ஓடுகிறது என்பது உங்கள் கையில் இல்லை.

10. செலவும் காலமும்

எங்கள் மொத்தக் கட்டுமானப் பரப்பு 19,200 சதுர அடி. கூடுதலாக ஆனது, எங்கள் பில்களின்படி: கூரைக்கு 4.8 லட்சம், சோலாருக்கு மானியத்துக்கு முன் 6 லட்சம், ஃபேன் வித்தியாசம் 1.2 லட்சம், குழாய் வகைகள் 60,000, தண்ணீர் மீட்டரும் அதற்கான பிளம்பிங்கும் 1.2 லட்சம், பதிவு, சான்று, தணிக்கை எல்லாம் சேர்த்து 4.8 லட்சம். மொத்தம் 18.6 லட்சம், சதுர அடிக்கு 97 ரூபாய். பிளாக் சுவரில் கூடுதலும் இல்லை, பெரிய மிச்சமும் இல்லை. உடைத்துப் பூசிய இரண்டு அறைகளை இதில் சேர்க்கவில்லை.

மதிப்பீடு போடும்போது ஜிஎஸ்டியை மறக்காதீர்கள். 2019 ஏப்ரல் முதல், நிறைவுச் சான்றுக்கு முன் விற்கும், மலிவு விலைப் பிரிவில் வராத வீடுகளுக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே பலகைக்கும் பேனலுக்கும் ஆலோசகருக்கும் கட்டும் வரி முழுதும் உங்கள் செலவு. மேற்கோளில் "வரி தனி" என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பார்த்து, வரியோடு சேர்த்தே ஒப்பிடுங்கள்.

காலக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிளானுக்கு முன் மென்பொருள் கணக்குக்கும் வெப்பக் கணக்குக்கும் ஒரு மாதம். அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே முதல்நிலைச் சான்றுக்கான ஆவணங்களை அனுப்பிவிடுங்கள், அதற்கென்று தனி நேரம் ஆகாது. கட்டி முடித்தபின் சைட் தணிக்கையும் கேள்வி பதிலும், கோப்பு ஒழுங்காக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடியக்கூடிய வேலை. சோலாரை அந்த மாதங்களோடு இணையாக ஓட்டுங்கள்.

11. ஒப்படைக்கும்போது

சங்கச் செயலாளரிடம் ஒரு மெல்லிய கையேடு கொடுங்கள். பேனலைக் கழுவும் முறை, டைமர் வைத்த நேரம், குழாய் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வது, மாடி ஓட்டில் துளை போடக் கூடாது என்பது, பிளாக் சுவரில் ஏசி, அலமாரி மாட்ட எந்த ஆங்கர் வேண்டும் என்பது. எங்கள் வெள்ளை ஓட்டின் மேல் ஒரு வீட்டுக்காரர் டிஷ் ஆன்டெனாவுக்காகத் துளை போட வந்த ஆளை, செயலாளரே அந்தக் கையேட்டைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். ஆன்டெனா இப்போது லிஃப்ட் அறைச் சுவரில் இருக்கிறது.